மூன்றாவது பரிவர்த்தனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு மாதங்களுக்கு முன், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் அழைத்தான். கேஒய்சி காலாவதியாகிவிட்டது, கணக்கு முடங்கிவிடும் என்று பயமுறுத்தி வாட்ஸ்அப்பில் ஒரு ஆப்பை அனுப்பினான். அம்மா அதை இன்ஸ்டால் செய்துவிட்டார். காலை 11.32க்கு 2,40,000 ரூபாயும் 11.41க்கு 1,95,000 ரூபாயும் போய்விட்டன. 12.05க்கு வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசிப் புகார் எண் வாங்கினார். அப்படியும் 1.50க்கு இன்னொரு 2,00,000 போனது. மறுநாள் கிளையில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், நகல் தரவில்லை. மேலாளர் எல்லார் முன்னாலும் "படிச்சவங்கதானே நீங்க?" என்று கேட்டார். அண்ணன் அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். போலீஸ் எஃப்ஐஆர் போட்டு, பணம் போன கணக்குக்காரன் ஒருவனைக் கைது செய்திருக்கிறது. வேறொரு கணக்கில் 90,000 ரூபாயை நிறுத்திவைத்திருக்கிறார்கள். கைதானவனின் அப்பா தினமும் போன் செய்து, "ஒன்றரை லட்சம் தருகிறேன், கேஸை விட்டுவிடுங்கள்" என்கிறார். வங்கியோ "வாடிக்கையாளரின் அலட்சியம்" என்று எழுத்துப்பூர்வமாகக் கைவிரித்துவிட்டது. மேலாளர் மீது மானநஷ்ட வழக்கும், வங்கி மீது 25 லட்சம் கேட்டு வழக்கும் போடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தைத்தான் மேலே சுருக்கியிருக்கிறேன். அதில் எனக்குத் தேவையான வரி ஒன்றுதான். அதை மூன்றாம் பக்கத்தில், அண்ணனைத் திட்டுவதற்கும் மேலாளரைத் திட்டுவதற்கும் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா 12.05க்கு வங்கிக்குச் சொல்லிவிட்டார். 1.50க்குப் பணம் போயிருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு மணி நேரம் நாற்பத்தைந்து நிமிடத்தில் இருக்கிறது.

2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதில் குழப்பமே வைக்கவில்லை. வாடிக்கையாளரின் அலட்சியத்தால்தான் பணம் போனது என்றே வைத்துக்கொண்டாலும், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான இழப்புதான் அவர் தலையில் விழும். சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. புகார் வந்தவுடனே மேற்கொண்டு பணம் போகாமல் தடுக்க வேண்டியதும் வங்கியின் கடமை. அதாவது அந்த "அலட்சியம்" கடிதத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் உண்மையென்றாலும், மூன்றாவது 2,00,000 ரூபாயை வங்கி திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பரிவர்த்தனை நடந்த தேதியிட்டே வரவு வைக்க வேண்டும், அதனால் வட்டியும் சேரும். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நீங்களும் யாரிடமும் இதைக் கேட்கவில்லை. மொத்தமாக 6,35,000 என்று கேட்டிருக்கிறீர்கள், மொத்தமாக மறுத்துவிட்டார்கள்.

மேலாளர் பேசியது அநாகரிகம். அதற்கு மானநஷ்ட வழக்குப் போட்டால் அம்மாவைக் கூண்டில் ஏற்றி மூன்று வருடம் இதே கதையைச் சொல்ல வைப்பார்கள். விடுங்கள். அண்ணன் விஷயம் என் துறை இல்லை.

சரி, முதல் இரண்டு பரிவர்த்தனைகள், மொத்தம் 4,35,000. இங்கேதான் கவனம் வேண்டும். மூன்றாம் நபர் செய்த மோசடி, வங்கி மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. அம்மா அன்றே தெரிவித்துவிட்டார். வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. ஆகவே மிச்சமிருக்கும் கேள்வி: அம்மா ஓடிபியை வாயால் சொன்னாரா, இல்லை அந்த ஆப் தானாகவே குறுஞ்செய்தியைப் படித்து வெளியே அனுப்பியதா? உங்கள் நான்கு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. இன்று இரவே அம்மாவிடம் பொறுமையாகக் கேளுங்கள், அண்ணன் இல்லாத நேரத்தில்.

அம்மா ஓடிபியைச் சொல்லியிருந்தால், சொன்னார் என்றே எழுத வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் பலர், ஓடிபியே வரவில்லை, அழைப்பே வரவில்லை என்று சாதித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஓடிபி எத்தனை மணிக்கு எந்த எண்ணுக்குப் போனது, எந்தக் கருவியிலிருந்து உள்ளே நுழைந்தார்கள் என்பதெல்லாம் வங்கியின் பதிவில் இருக்கும். அழைப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்பது தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கும். ஒரு பொய் அம்பலமானால், 12.05 அழைப்பைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அந்தப் படிவம். பதற்றத்தில் வரும் வயதானவர்களுக்கு உதவுவதாக நினைத்துக் கிளையில் யாராவது நிரப்பித் தருவார்கள். காரணம் கேட்கும் இடத்தில், எழுதச் சுலபம் என்பதால் "ஓடிபியைப் பகிர்ந்துவிட்டேன்" என்று போட்டுவிடுவார்கள். கையெழுத்து உங்களுடையது. பிறகு வங்கி தரப்பு வக்கீல் கையில் இருக்கும் முதல் ஆவணமே அதுதான். உங்கள் வங்கிக்கு "அலட்சியம்" என்ற வார்த்தை எங்கிருந்து கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? நகல் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடவே, நடந்ததை நிமிட வரிசையில் எழுதி அம்மா கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் போகட்டும். படிவத்தில் தவறான வரி இருந்தால், அது தான் சொன்னதல்ல, இன்னொருவர் நிரப்பியது என்று அம்மா அதிலேயே சொல்லட்டும். படிவமே போலி, கையெழுத்தே என்னுடையதில்லை என்று மட்டும் போய்விடாதீர்கள். அந்த மின்னஞ்சலிலேயே 12.05 அழைப்பின் குரல் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேளுங்கள். அழைப்பில் அம்மா என்ன சொன்னார், எதிர்முனை கணக்கை முடக்கியதா, வெறும் புகார் எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டதா என்பது அதில்தான் இருக்கிறது.

அடுத்தது அம்மாவின் போன். "வைரஸ் இருக்கும், ரீசெட் பண்ணிடலாம்" என்று தெரிந்த பையன் யாராவது சொல்லியிருப்பான். செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் தொடாதீர்கள். சிம்மை வேறு போனில் போட்டுவிட்டு இதை அணைத்து வையுங்கள். ஓடிபியை அம்மா பகிரவில்லை, ஆப்தான் திருடியது என்பதற்கு உங்களிடம் இருக்கும் நேரடிச் சாட்சி அந்தக் கருவிதான். அதை அழித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் பாரத ஸ்டேட் வங்கி வழக்கில் வாடிக்கையாளர் பக்கம் நின்றதைப் படித்திருப்பீர்கள், யாராவது ஃபார்வர்டும் செய்திருப்பார்கள். அந்த மனிதரும் மோசடிக்காரன் சொல்லி ஒரு ஆப்பை இறக்கியவர்தான். 94,204 ரூபாய் 80 காசைத் திருப்பித் தரச் சொன்ன கௌஹாத்தி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. உங்களுக்கு உதவும், ஆனால் முழுதாக நம்பி இறங்காதீர்கள். அங்கே விவரம் கசிந்தது ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து. அவர் ரகசியக் குறியீடு எதையும் பகிரவில்லை என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. ஓடிபியைப் பகிராமல் விழிப்பாக இருக்க வேண்டியது வாடிக்கையாளரின் பொறுப்பு என்றும் அதே உத்தரவில் சொல்லியிருக்கிறார்கள். ஃபார்வர்டில் அந்த வரி வந்திருக்காது.

இப்போது ஒன்றரை லட்சத்துக்கு வருகிறேன். கை நீட்டத் தோன்றும். இப்படிச் சுலபமாக வரும் பணத்தில்தான் பலர் இரண்டாவது முறை மாட்டுகிறார்கள். அந்த அப்பா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அனுப்பும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? மகனின் கூட்டாளிகள் கொடுத்ததாக இருந்தால், அது இன்னொருவரிடம் ஏமாற்றிய பணமாக இருக்கலாம். அப்படி ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்தால், பணம் போன பாதையைப் பின்தொடர்ந்து வருகிற போலீஸ் உங்கள் அம்மாவின் கணக்கில் வந்து நிற்கும். கணக்கு முடக்கப்படும், பென்ஷன் நின்றுபோகும். புகார் கொடுத்தவரே விளக்கம் கொடுக்க அலைய வேண்டிவரும். ரொக்கமாக வாங்கினால் அது இன்னும் மோசம். நாளைக்கு "மிரட்டிப் பணம் பறித்தார்கள்" என்று அவர்கள் திரும்பினால் என்ன காட்டுவீர்கள்?

அதற்காக அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். அந்தப் பையன் கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்டவனாகத்தான் இருப்பான், தலைவன் கிடைக்கப் போவதில்லை. அவனைச் சிறைக்கு அனுப்புவதில் அம்மாவுக்கு ஒரு ரூபாயும் வராது. ஆகவே சமரசம் செய்யுங்கள், ஆனால் நீதிமன்றத்தின் வழியாக. ஏமாற்றுதல் குற்றத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318(4) நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யக்கூடிய பிரிவுதான். ஜாமீன் மனு நடக்கும் இடத்திலேயே பணத்தை டெபாசிட் செய்யச் சொல்லுங்கள். வாபஸ் கடிதம் என்று எதிலும் அதற்கு முன்னால் கையெழுத்து வேண்டாம். ஒன்றரை லட்சத்தை இரண்டு லட்சமாகக் கேட்டுப் பாருங்கள், ஜாமீன் கிடைக்கும் வரைதான் அவர் பேரம் பேசுவார்.

நிறுத்திவைத்த 90,000 தானாகத் திரும்பி வராது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டால்தான் வரும். அந்தக் கணக்கில் வேறு யாருடைய பணமும் சிக்கியிருந்தால் அவர்களும் கேட்பார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள். "மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் அழைப்புகளும் மோசடிதான்.

வங்கி மீது 25 லட்சம் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கைப் போட்டுவிட்டால், அதே விஷயத்தை, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். செலவில்லாத கதவை நீங்களே சாத்திவிட்டு, வருடக்கணக்கில் இழுக்கும் கதவைத் தட்டியதாகிவிடும். முதலில் ஒம்புட்ஸ்மேன். வங்கி பதில் தந்த தேதியிலிருந்து அவகாசம் ஓடுகிறது, தள்ளிப்போடாதீர்கள். அங்கே வக்கீல் ஆஜராக முடியாது, எனவே எனக்கும் வேலை இல்லை. கணக்கு அம்மாவுடையது என்பதால் மனுவும் அவர் பெயரில்தான் போக வேண்டும். மூன்றாவது பரிவர்த்தனையை முதல் கோரிக்கையாகவும், முதல் இரண்டையும் தனிக் கோரிக்கையாகவும் பிரித்து எழுதுங்கள். அங்கே சரிப்படவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடக் காலவரம்பு இருக்கிறது. அது சம்பவத்திலிருந்தே ஓடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

மனு போனதும் வங்கி பேச வர வாய்ப்பு அதிகம். 2,00,000 ரூபாயை நீட்டி, "முழுமையான, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியின் கீழ் கையெழுத்துக் கேட்பார்கள். அது எப்படியும் உங்களுக்குச் சேர வேண்டிய பணம். அதற்கு அந்தக் கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். அதோடு முதல் இரண்டில் பாதிக்கு அருகில் வந்தால், அம்மா ஓடிபியைச் சொன்னவராக இருந்தால், பேசாமல் வாங்கிக்கொண்டு வாருங்கள். சொல்லாதவராக இருந்து போனும் பத்திரமாக இருந்தால் மட்டும் மீதிக்கு நில்லுங்கள்.