கோத்தகிரியிலிருந்து கொச்சிக்கு, அங்கிருந்து கப்பலுக்கு: அதே நாளில் போகலாமா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறோம். எனக்கு 64 வயது, மனைவிக்கு 59. டிசம்பர் மூன்றாவது வாரம் கொச்சியிலிருந்து லட்சத்தீவு போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் எடுத்திருக்கிறோம். பகல் 12 மணியிலிருந்து ஏற்றுவார்கள், 3.30க்கு செக்-இன் மூடிவிடும், 5 மணிக்குக் கப்பல் கிளம்பும். அன்று அதிகாலை 4 மணிக்குக் காரில் புறப்பட்டால் மதியத்துக்குள் கொச்சி என்பது என் கணக்கு. முந்தின நாளே போங்கள் என்கிறான் மகன். ஒரு ராத்திரி ஓட்டல் செலவு தண்டம் இல்லையா? மனைவிக்கு மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வாந்தி வந்துவிடும். கடலில் எப்படிச் சமாளிப்பாள்?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். டிசம்பரில் அந்த ஓட்டல் வாடகை தண்டச் செலவு அல்ல. செக்-இன் மூடிய பிறகு போய் நின்றால் கப்பல் காத்திருக்காது, பொதுவாகக் கட்டணமும் திரும்பி வராது. அடுத்த பஸ்ஸில் ஏறிப் பின்னாலேயே போகிற இடமும் இல்லை அது.

உங்கள் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்ப்போம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை முப்பத்தைந்து சொச்சம், கோவையிலிருந்து கொச்சி ஏறக்குறைய 190. எல்லாம் சரியாக அமைந்தால் ஏழு மணி நேரத்தில் போய்விடலாம்தான். ஆனால் டிசம்பரில் எல்லாம் சரியாக அமைவது அபூர்வம்.

முதலில் மலை. நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அரவேணு தாண்டி இறங்கும் சாலையில் ஒரு மரம் விழுந்தாலோ, கொஞ்சம் மண் சரிந்தாலோ, பொக்லைன் வந்து ஒதுக்கும்வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். 2009 நவம்பர் மண்சரிவுகளில் மலைப் பாதைகள் என்ன பாடு பட்டன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குன்னூர், பர்லியாறு வழியாகச் சுற்றலாம் என்றால் அதுவும் அதே மழையில் நனைகிற மலைதான். மூன்றாவதாக மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடை இறங்கும் காட்டுச் சாலை இருக்கிறது. கப்பல் பிடிக்கிற அவசரத்தில் அதை நம்பக் கூடாது. அதிகாலை 4 மணி என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பனிமூட்டமும் இருட்டும் சேர்ந்த நேரம், காட்டெருமையோ யானையோ எந்த வளைவில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது கேரள நெடுஞ்சாலை. குதிரான் சுரங்கப்பாதை 2021இல் திறந்த பிறகு பாலக்காடு, திருச்சூர் பக்கம் நன்றாகவே இருக்கிறது. திருச்சூரைத் தாண்டினால்தான் வினை. அங்கே நெரிசல் தாங்காமல் 2025 ஆகஸ்டில் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்கவே கேரள உயர் நீதிமன்றம் சில காலம் தடை போட்டது. அப்புறம் அங்கமாலி, ஆலுவா, இடப்பள்ளி என்று கொச்சி நகரத்து நெரிசல். நீங்கள் போகும் நேரமோ சபரிமலை மண்டல பூஜைக் காலம். போதாக்குறைக்குக் கிறிஸ்துமஸ் வேறு.

அதனால் முந்தின நாள் காலை 7 மணிக்கு, நல்ல வெளிச்சத்தில் மலை இறங்குங்கள். பத்து மணி வாக்கில் கோவை வந்துவிடலாம். இடையில் இரண்டு மணி நேரம் தடைபட்டாலும் பாதகமில்லை. கோவையிலிருந்து காரைவிட ரயில்தான் என் சிபாரிசு. பெங்களூரிலிருந்து வரும் எர்ணாகுளம் இன்டர்சிட்டி மதியம் ஒரு மணி வாக்கில் கோவைக்கு வரும், மாலைக்குள் எர்ணாகுளம் சந்திப்பில் இறங்கிவிடலாம். புறப்படும் நேரத்தை டிக்கெட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இப்போது முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே திறக்கிற அன்றே போட்டுவிடுங்கள். காரில்தான் வருவோம் என்றாலும் சரி, முந்தின நாள் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கோவையிலிருந்து டாக்ஸியை மேலே வரவழைத்தால் அந்த வண்டிக்கு நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். உள்ளூர் டி.என். 43 வண்டி என்றால் அந்தத் தொல்லை இல்லை.

தங்குவதற்கு எர்ணாகுளம் சவுத், அதாவது அந்தச் சந்திப்பு ரயில் நிலையத்தின் பக்கம் பாருங்கள். ஃபோர்ட் கொச்சி அழகான இடம்தான், ஆனால் டிசம்பர் கடைசியில் அங்கே ஒரே திருவிழாக் கூட்டம். கப்பல் ஏறுகிற இடம் வில்லிங்டன் தீவில் எர்ணாகுளம் வார்ஃப் என்ற கப்பல் துறை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் காயலைத் தூர்வாரி அள்ளிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘ஹார்பர்’ என்று சொல்லிவிடாதீர்கள், தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கிவிடக்கூடும். ‘கப்பல்’ என்று மட்டும் சொன்னால் மரைன் டிரைவில் காயல் படகு ஏறுகிற இடத்துக்குப் போகலாம். வில்லிங்டன் ஐலண்ட், க்ரூஸ் டெர்மினல் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த வாசல் என்பதைப் போர்டிங் பாஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லட்சத்தீவில் இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். வழக்கமாகக் கப்பல் நிறுவனமே அதை எடுத்துத் தரும், ஆனால் அதற்கான அடையாள அட்டை நகலை அவர்கள் கேட்ட தேதிக்குள் நீங்கள் அனுப்பியிருக்க வேண்டும். இன்னும் அனுப்பவில்லை என்றால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ஏறும்போது அசல் அட்டை கையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகளை டெர்மினலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை கேபினுக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். பிரஷர், சுகர் மாத்திரைகளை அந்தப் பெட்டியில் வைத்துவிட்டுத் தவிக்காதீர்கள். கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்வெட்டர் ஒன்று போதும், அதுவும் கப்பல் ஏசிக்குத்தான்.

இனி உங்கள் மனைவியின் வாந்தி. மலை வளைவுகளில் உடம்பு திரும்புவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது, கண்ணோ முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். ஆகவே காரில் அவர் முன் சீட்டில் உட்காரட்டும், சாலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும், செல்போனைத் தொட வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். இறங்கும்போது காது அடைத்தால் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு விழுங்கச் சொல்லுங்கள். அவோமின் போன்ற மாத்திரை போடுவதென்றால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். உங்களுக்கும் தேவைப்பட்டால், கண் நீர் அழுத்தமோ புரோஸ்டேட் தொந்தரவோ இருக்கும் பட்சத்தில் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

கடல் அவர் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. டிசம்பரில் அரபிக் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும், பெரிய கப்பலின் ஆட்டமும் அரவேணு வளைவுகளைவிடக் குறைவுதான். கேபின் மாற்ற வாய்ப்பிருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். அவரை உண்மையில் சோதிக்கப்போவது வேறு இடம். லட்சத்தீவில் இவ்வளவு பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. ஆழ்கடலில் நின்றுகொள்ள, சிறு படகில் மாறித்தான் தீவுக்குப் போக வேண்டும். அன்று காலையும் மாத்திரை போட்டுக்கொண்டு, படகின் பின்பக்கம் உட்கார்ந்து, கரையையே பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். முழங்கால் வலி இருந்தால் படகில் கால் வைக்கும்போது ஊழியர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், கூச்சப்பட வேண்டாம். அலை அதிகமாக இருந்தால் தீவில் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும், பெட்டி வாங்கி வெளியே வர நேரமாகும். மதியத்துக்கு முன் ரயில் போடாதீர்கள். மாலை 4 மணிக்குள் மேட்டுப்பாளையம் வர முடியாது என்று தெரிந்தால் அன்று இரவு கோவையில் தங்கிவிட்டு மறுநாள் காலை மலை ஏறுங்கள்.