தோழமையா, வேட்கையா?

கேள்வி: காதலுக்கு அடிப்படை தோழமையா, வேட்கையா என்று பேசும் படங்களில் தங்களைக் கவர்ந்தது எது?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: ராப் ரைனர் 1989-இல் இயக்கிய ‘வென் ஹாரி மெட் சாலி’. சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்குக் காரில் செல்லும் ஹாரி, சாலி இருவரும், ‘காசாபிளாங்கா’ என்ற பழைய ஹாலிவுட் படத்தின் நாயகி காதலனோடு தங்கியிருக்க வேண்டுமா, கணவனோடு விமானம் ஏறியதுதான் சரியா என்று வழியில் வாதிடுகிறார்கள்; மதுக்கூடம் நடத்தும் அந்தக் காதலனோடு காலந்தள்ள முடியாது என்று சாலி அடித்துச் சொல்கிறாள். பல ஆண்டுகள் கழித்து, அவரவர் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அதே படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவள் சாதிக்க, ஹாரி விட்டுக்கொடுத்துவிடுகிறான் (வழக்கமாக அவன் விடுகிற ஆளல்லன்). முத்தமே இல்லாத அந்தக் காட்சிதான் படத்திலேயே மிக நெருக்கமானது என்பேன். திரைக்கதை எழுதிய நோரா எஃப்ரான் முதலில் இருவரையும் பிரித்தே கதையை முடித்திருந்தார், நல்லவேளையாக மாற்றிவிட்டார்கள்.