கோஸ்டா டெல் சோலில் எட்டு நாள்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

வாசகி ஒருவரின் கேள்வி: "ஜூலை கடைசி வாரம் ஸ்பெயினின் தெற்கே இருக்கும் கோஸ்டா டெல் சோல் ('வெயில் கடற்கரை') போகிறோம். கையில் எட்டு நாள். நான், கணவர், ஒன்பது வயது மகள், மூட்டுவலி உள்ள 68 வயது மாமியார். அங்கே கார் ஓட்டும் எண்ணம் இல்லை. தினம் ஒரு ஊரில் தங்கிக் கடற்கரை முழுவதையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். எந்தெந்த ஊர்களைச் சேர்க்கலாம்?"

முதலில் அந்த 'தினம் ஒரு ஊர்' யோசனையை விட்டுவிடுங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்கு ஒரு அறையைக் காலி செய்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு அடுத்த அறை திறக்கும்வரை வெயிலில் நிற்பது மாமியாருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் தாங்காது. அந்தக் கடற்கரையின் பெரிய நகரமான மாலகாவின் மையத்தில் எட்டு நாளுக்கும் ஒரே வீடு எடுங்கள். ஏசி இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது.

மாலகாவைச் சொல்வதற்குக் காரணம் ரயில். சி-1 என்ற புறநகர் ரயில் மாலகா மையத்தில் கிளம்பி விமான நிலையம், டோரெமோலினோஸ், பெனல்மாடெனா வழியாக ஃபுவென்கிரோலா வரை போகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி, கடைசி நிறுத்தம்வரை முக்கால் மணி நேரம்தான். மார்பெயாவுக்கும் நெர்ஹாவுக்கும் ரயில் பாதையே இல்லை, பஸ்தான். அதனால் அந்த ஊர்களில் தங்கினால் ஒவ்வொரு நாளும் பஸ் நேரத்தைப் பார்த்தே நகர வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம், இதுதான் உங்கள் திட்டத்தையே தீர்மானிக்கப் போகிறது. அங்கே கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது. கோடை நேரக் கணக்கில் மாலகாவில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 2.20 மணிக்கு. ஆக, மாலை ஆறு மணி என்று நீங்கள் கடற்கரைக்குக் கிளம்பும்போது சூரியக் கணக்குப்படி பிற்பகல் மூன்றரைதான் ஆகியிருக்கும். தோல் உரிந்து திரும்பும் பயணிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஜூலை கடைசியில் இருட்டுவதற்கு ஒன்பதரை மணி ஆகிவிடும். எனவே ஒன்பதுக்கு முன் கிளம்பி ஊர் பார்ப்பது, ஒன்றிலிருந்து ஐந்தரை வரை கூரைக்குக் கீழே இருப்பது, ஆறரைக்கு மேல் கடல். இப்படி நாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால், இடங்கள் தாமாகவே அதற்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

மாலகா நகரத்துக்கு மட்டும் இரண்டு நாள் கொடுங்கள். 11-ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய அல்கசாபா கோட்டையைக் காலையில் பாருங்கள். ஏற்றம் உண்டு. நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால் மேலே போக ஒரு லிஃப்ட் இருக்கிறது, மாமியாரை அதில் அழைத்துப் போங்கள். கோட்டையின் அடிவாரத்திலேயே ரோமானியர் காலத்து அரங்கம். பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து 1951-இல்தான் வெளியே வந்தது. ஓவியர் பிகாசோ 1881-இல் பிறந்த ஊர் இது. 2003-இல் திறந்த பிகாசோ அருங்காட்சியகத்தை மதிய வெயில் நேரத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

கிழக்கே சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் நெர்ஹாவுக்கு ஒரு முழு நாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேடை 'ஐரோப்பாவின் பால்கனி'. 1884 டிசம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு, பாதிப்பைப் பார்க்க 1885 தொடக்கத்தில் வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்ஸோ வைத்த பெயர் என்பது ஊர்ப் பேச்சு. அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டரில் நெர்ஹா குகை. 1959 ஜனவரியில் ஐந்து பையன்கள் கண்டுபிடித்தது. உள்ளே ஒரு கூடத்தில் 32 மீட்டர் உயரச் சுண்ணாம்புத் தூண் நிற்கிறது. வெளியே தார் ரோடு கொதிக்கும் மதியத்தில், உள்ளே பத்தொன்பது டிகிரிக்குப் பக்கத்தில் ஈரக்காற்று. முதல் வளைவைத் தாண்டியதும் கையில் ரோமம் சிலிர்க்கும். எங்கோ ஒரு சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்கும். உங்கள் மகள் அதை மறக்க மாட்டாள். ஆனால் உள்ளே நூற்றுக்கணக்கான ஈரப் படிகள். மூட்டுவலி உள்ளவரை அழைத்துப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களில் ஒருவர் அவரோடு ஊருக்குள் நிழலில் காபி குடித்துக்கொண்டிருக்கட்டும், மற்றவர் மகளோடு குகைக்குப் போய் வரட்டும்.

சரி, கடல். "வெயில் கடற்கரை, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்" என்று நம்பிப் போனால் முதல் நாளே திகைப்பீர்கள். ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் தண்ணீர் உள்ளே வருவதால், மத்தியதரைக் கடலின் மற்றப் பகுதிகளைவிட இங்கே குளிர்ச்சி அதிகம். இதில் காற்றின் வேலையும் சேர்ந்துகொள்கிறது. 'டெரல்' என்று மாலகாக்காரர்கள் சொல்லும் காற்று உள்நாட்டிலிருந்து மலையிறங்கி வரும்போது காய்ந்து சூடாகிவிடும். அன்றைக்கு நகரம் நாற்பது டிகிரியைத் தொடலாம். அதே காற்று கடலின் மேல் தண்ணீரை வெளியே தள்ளிவிடுவதால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஊரில் அதிக வெக்கையான நாளில்தான் கடல் அதிகமாகச் சில்லென்று இருக்கும். ஒரு டெரல் நாளில் நான் ஆசையாக ஓடிப்போய் இறங்கி, முழங்கால்வரை நனைந்ததும் கால் மரத்துப்போக அப்படியே நின்றுவிட்டேன். மாறாக, கிழக்கிலிருந்து 'லெவாந்தே' வீசினால் தண்ணீர் இதமாகும், ஆனால் அலை பெரிதாகும். மகள் இறங்குமுன் கொடியைப் பாருங்கள். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் கால் நனைப்பதோடு சரி.

நகரத்திலிருந்து நடந்தே போகக்கூடியது மாலகேட்டா கடற்கரை. மணல் கருஞ்சாம்பல் நிறம், மதியத்தில் பாதம் சுடும், செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு நடக்க நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் கடற்கரை பொதுச் சொத்து. சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும்தான் காசு, துண்டை விரித்து உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். நீந்த விரும்புகிறவர்களுக்கு நான் நெர்ஹா பக்கத்துச் சிறு குடாக்களைத்தான் சொல்வேன். பாறைகளுக்கு இடையே தண்ணீர் தெளிவாக இருக்கும்.

ஃபுவென்கிரோலாவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் ஏறினால் மிஹாஸ், வெள்ளையடித்த மலைக் கிராமம். ஒரு காலைப் பொழுது போதும். அங்கே கழுதைச் சவாரி உண்டு. அந்த வெயிலில் ஏறாமல் இருப்பது நல்லது. மார்பெயாவை விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

உள்நாட்டுக்கு ஒரே ஒரு நாள் வையுங்கள். கிரனடா நகரத்தில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவா, மலை ஊரான ரோண்டாவா என்றால், அல்ஹம்ப்ராவுக்குக் காலை நேர டிக்கெட் கிடைத்தால் மட்டும் அது. அங்கே நடை அதிகம், அதற்குள்ளேயே இருக்கும் நஸ்ரிய அரண்மனைக்குள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில்தான் விடுவார்கள், பாஸ்போர்ட்டும் வேண்டும். கிடைக்காவிட்டால் ரோண்டா. 1793-இல் கட்டி முடித்த 'புதுப் பாலம்' 98 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கின் மேல் நிற்கிறது. மாமியார் பாலத்தின் மேலேயே நின்று பார்க்கலாம், கீழே இறங்கத் தேவையில்லை. கமினீத்தோ டெல் ரே என்ற செங்குத்துப் பாறை நடைபாதை பற்றியும் படித்திருப்பீர்கள். 2015-இல் சீரமைத்துத் திறந்தார்கள், எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லை. மகளுக்கு வயது சரி. ஆனாலும் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஜூலை வெயிலில் நடப்பதற்கு இந்தப் பயணம் ஏற்றதல்ல.

மாலைகளில் ஒன்றைப் பெத்ரெகாலெஹோ என்ற பழைய மீனவர் குடியிருப்புக்குக் கொடுங்கள். மணல் நிரப்பிய பழைய படகில் விறகுத் தணல். நாணல் குச்சியில் வரிசையாகக் கோத்த மத்தி மீனைத் தணலுக்குப் பக்கத்தில் சாய்த்துக் குத்தி வைத்துச் சுடுவார்கள், எஸ்பெத்தோ என்று பெயர். மீன் சாப்பிடாதவர்களுக்கு அஹோபிளாங்கோ இருக்கிறது. பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சூப், மேலே திராட்சை. 'ஹாமோன் வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள், பன்றி இறைச்சித் துண்டுகளைப் பல உணவுகள் மேல் கேட்காமலே தூவுவார்கள். இரவுச் சமையல் எட்டு, எட்டரைக்கு மேல்தான் தொடங்கும், மகளுக்குப் பையில் ஏதாவது வைத்திருங்கள்.

கடைசியாக விசா. மொராக்கோ எதிர்க்கரையில்தான் இருக்கிறது, தரீஃபாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம்தான் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசாவோடு (ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) போனால் ஸ்பெயினுக்குள் திரும்ப வர முடியாது. உங்கள் விசா ஸ்டிக்கரில் 'நுழைவுகளின் எண்ணிக்கை' என்ற இடத்தில் 01 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அல்ஹம்ப்ரா டிக்கெட் வேண்டுமென்றால், விசா கையில் வந்த அன்றே எடுத்துவிடுங்கள்.