தேசிய கீதத்தை 52 விநாடிக்குள் பாடி முடிக்காவிட்டால் குற்றமா?

இல்லை. 52 விநாடி என்பது உள்துறை அமைச்சக ஆணையில் உள்ள அளவு. அதிலும் 'ஏறத்தாழ' என்றுதான் இருக்கிறது. தண்டனை விதிப்பது 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம்: வேண்டுமென்றே பாடவிடாமல் தடுத்தாலோ, பாடும் கூட்டத்தில் இடையூறு செய்தாலோ 3 ஆண்டு வரை சிறை. இழுத்துப் பாடியதற்கு அதில் பிரிவே கிடையாது. வாய் திறந்து பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற கேரள மாணவர்கள் மூவரைப் பள்ளியை விட்டு நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது.

தாகூரின் பாடலில் ஐந்து பத்திகள் உண்டு. 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் முதலில் பாடப்பட்டது. 1950 ஜனவரி 24 அன்று தேசிய கீதமானது முதல் பத்தி மட்டும்.

பள்ளி விழாக்களில் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதற்குக் காரணம் 'விதாதா', 'தரங்கா' போன்ற வரி முடிவுகளில் விழும் இழுப்பு. பின்வரிசை அதைக் கேட்டு இன்னும் பின்தங்கும். ஒலிபெருக்கி முன் இரண்டு மூன்று பேர் மட்டும் நின்று, கடிகாரம் வைத்துப் பழகினால் சரியாகும். இன்னொன்று சுருதி. தொடங்கிய ஸ்வரத்திலிருந்து மேல் ஸட்ஜம் (அதே 'ஸ' அடுத்த சுற்றில் உயரமாக வரும் இடம்) வரை முதல் 'ஜய ஹே' ஏறும். உற்சாகத்தில் உச்சத்தில் எடுத்தால் அங்கே குரல் கீச்சிடும். தாழ்வாகவே எடுங்கள்.

தமிழ் எழுத்தில் படிப்பதால் வரும் பிழைகள் தனி. 'கண', 'காஹே', 'காதா' மூன்றிலும் முதல் எழுத்துக்கு 'குரு' என்பதில் வரும் மெல்லிய ஒலி வேண்டும். 'உத்கல' என்பது ஒடிசா, 'உச்சல' என்பது பொங்கும் அலை. இரண்டையும் மாற்றிப் பாடும் பிள்ளைகள் ஏராளம்.

தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து (55 விநாடி), முடிவில் தேசிய கீதம்.

முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் கொண்ட 20 விநாடிச் சுருக்கமும் இருக்கிறது. ஆனால் அது படை உணவகங்களில் கோப்பை உயர்த்தி வாழ்த்தும் வேளைக்கானது. நேரமில்லை என்று ஆண்டுவிழாவில் அதைப் போடாதீர்கள்.