ராத்திரி முழுக்க ஷிப்மென்ட் கணக்கு: டைரி எழுதினால் தூக்கம் வருமா?

கேள்வி: வயது 44. பனியன் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் சூப்பர்வைசராக இருக்கிறேன். படுத்தால் தூக்கம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மறுநாள் வேலையே மனதில் ஓடுகிறது. அடிக்கடி தலைவலி. எப்போதாவது மாத்திரை போட்டுக்கொள்வேன். போன மாதம் பார்த்தபோது பிரஷர் 146/92. “டைரி எழுதிப் பாருங்கள்” என்கிறார் நண்பர். எழுதிப் பழக்கமே இல்லாதவன் நான். உடம்புக்கும் வேலைக்கும் அதனால் நிஜமாகவே பயன் உண்டா? வீட்டில் யாராவது படித்துவிட்டால் என்ன செய்வது?

வாசகர், திருப்பூர்

பதில்: பயன் உண்டு. ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து படுத்தது வரை எல்லாவற்றையும் எழுதுவதுதான் டைரி என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நாலாம் நாளே விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள், போதும்.

முதலில் தூக்கம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பிரிவினர் அடுத்து வரும் நாட்களில் செய்யவேண்டிய வேலைகளை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். அவர்கள் தூக்கக் கோளாறு இல்லாத ஆரோக்கியமான இளைஞர்கள். அதனால் உங்களுக்கும் அதே ஒன்பது நிமிடம் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு: எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

ஆகவே “நாளைக்கு நிறைய வேலை” என்று எழுதாதீர்கள். “ஒன்பது மணி: டையிங்கிலிருந்து துணி வந்துவிட்டதா, போன் செய்ய. பதினொன்று: செக்கிங்கில் ஒதுக்கிய பீஸ்களைப் பார்க்க. மாலை: பேக்கிங்குக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று முதலாளியிடம் சொல்ல.” இப்படி எழுதுங்கள். கட்டிலில் உட்கார்ந்து எழுதவேண்டாம், போனிலும் வேண்டாம். கூடத்தில் உட்கார்ந்து எழுதி, நோட்டை அங்கேயே மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

அடுத்தது தலைவலி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை “எப்போதாவது.” சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணி தலைவலி என்று என் கிளினிக்குக்கு வந்தார். வாரத்துக்கு ரெண்டு மாத்திரைதான் என்று உறுதியாகச் சொன்னார். பொய் சொல்கிறவர் இல்லை. ஒரு மாதம் காலண்டரில் குறித்து வரச் சொன்னேன். பதினெட்டு நாட்களில் வட்டம் போட்டிருந்தது. அதைப் பார்த்து என்னைவிட அவர்தான் அதிர்ந்துபோனார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும். போதாததற்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை பிரஷரையும் ஏற்றும். உங்கள் 146/92-க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தலைவலியும் பிரஷரும் வேறு வேறு தொந்தரவு என்று நினைத்திருப்பீர்கள். ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால்தான் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று தெரியும்.

தலைவலி வந்த நாளில் ஒரே ஒரு வரி போதும்: எத்தனை மணிக்கு வந்தது, தலையில் எந்தப் பக்கம், முந்தின ராத்திரி எவ்வளவு தூக்கம், அன்று எப்போது சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை. நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறதா என்று வீட்டில் கேட்டு அதையும் எழுதுங்கள். பிரஷரை ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஆறியபின் பார்த்துக் குறியுங்கள். ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து யாரும் முடிவு செய்யக்கூடாது. திடீரென்று இதுவரை வராத கடும் தலைவலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் வந்தால் நோட்டைத் தேடவேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் மனசு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை உணர்வோடு எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் மருத்துவரிடம் போனது, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவு. வேலையிடத்தில் பட்ட அவமானம் ஏதாவது உள்ளே கிடந்தால் நீங்களும் நாலு நாள் எழுதிப் பாருங்கள். ஒரே கோபத்தை மாதக் கணக்கில் சுற்றிச் சுற்றி எழுதினால் பலன் தலைகீழாகிவிடும்; அப்போது நிறுத்திவிட்டு ஒருவரிடம் பேசுவது நல்லது. வாழவே பிடிக்கவில்லை என்று எழுதத் தோன்றினால் அன்றே 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. தமிழிலும் பேசலாம்.

வேலைக்குப் பயன் உண்டா என்று கேட்டீர்கள். இதற்கு நானே சாட்சி. கிளினிக் முடிந்ததும் அன்று குழப்பிய நோயாளியைப் பற்றி, பெயர் இல்லாமல், மூன்று வரி எழுதுவேன். ஒருவருக்கு வறட்டு இருமல் என்று இரண்டு தடவை சிரப் கொடுத்திருந்தேன். மூன்றாவது தடவை எழுதும்போதுதான் முந்தின பக்கம் கண்ணில் பட்டது: பிரஷருக்கு எனலாப்ரில் தொடங்கிய சில வாரத்தில் அந்த இருமல் வந்திருக்கிறது. அந்த மருந்துக்கே உள்ள பக்கவிளைவு. மாத்திரையை மாற்றியதும் இருமல் போய்விட்டது. உங்கள் லைனிலும் அப்படித்தான்: எந்தக் கிழமையில் ரிஜெக்‌ஷன் கூடுகிறது, எந்த மெஷின் மாற்றியபின் தையல் விடுகிறது என்பதெல்லாம் மூன்று மாதக் குறிப்பில் தானாகத் தெரியும்.

எழுதிப் பழக்கம் இல்லையே என்று தயங்காதீர்கள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு வியாபாரி, பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி. வந்த கப்பல், சரக்கு விலை, காதில் விழுந்த பேச்சு என்று அன்றன்று பேசுகிற தமிழில் எழுதினார். நீங்களும் ஷிப்மென்ட் பார்க்கிறவர்தானே!

யாராவது படித்துவிட்டால்? வேலைப் பட்டியலும் தலைவலிக் குறிப்பும் வீட்டில் எல்லோரும் பார்க்கலாம், பார்ப்பதே நல்லது. மனசில் உள்ளதைத் தனித் தாளில் எழுதி, முடித்ததும் கிழித்துப் போடுங்கள். எழுதும்போதே பலன் கிடைத்துவிடுகிறது, தாளைச் சேர்த்துவைக்க அவசியம் இல்லை.

நான்கு வாரம் கழித்து நோட்டையும், போட்ட மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் மருத்துவரிடம் போங்கள். பிரஷர் மட்டும் 160-ஐத் தாண்டினால் அதுவரை காத்திருக்க வேண்டாம். வாயால் சொல்லத் தொடங்குமுன் அந்தப் பக்கங்களை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.