காட்டுக்குள் சாலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல்லாயிரம் ஏக்கர் காட்டில் பத்து மீட்டர் அகலச் சாலை என்பது ஒரு கோடுதானே? அதனால் காடு எப்படிக் கெட்டுவிடும்? (கோயம்புத்தூர்)

பதில்: எடுக்கப்படும் நிலத்தின் பரப்பை மட்டும் கணக்கிட்டால் நீங்கள் சொல்வது சரியே, பல திட்ட அறிக்கைகளும் அந்தக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. ஆனால் மரக்கிளைகள் கூரையாக மூடியிருந்த இடம் பிளவுபட்டதும் வெயிலும் காற்றும் உள்ளே இறங்கி, இருபுறமும் மண்ணின் ஈரம் குறைகிறது. கட்டுமான மண்ணோடும் வண்டிச் சக்கரங்களோடும் வரும் பார்த்தீனியம் அங்கே முளைக்கிறது; வெளிச்சம் கிடைத்த ஓரங்களில் உண்ணிச்செடி புதராக மண்டுகிறது. யானையோ சிறுத்தையோ அடிபட்டால் அது செய்தியாகிறது. ஆனைமலைச் சாலைகளில் மழை இரவுகளில் நசுங்கும் தவளைகளும், தாரின் சூட்டுக்கு வந்து படுக்கும் பாம்புகளும் விடிவதற்குள் காகத்துக்கும் எறும்புக்கும் இரையாகிவிடுவதால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இவற்றைவிடப் பெரிய சேதம், சாலை யாருக்கெல்லாம் வழி திறந்துவிடுகிறது என்பதில் இருக்கிறது. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் பிஆர்-364 நெடுஞ்சாலைக்கு உலக வங்கியின் கடனுதவியோடு 1984-இல் தார் போடப்பட்டபோது, அந்த ஒரு சாலையிலிருந்து கிளைச்சாலைகளும், அவற்றிலிருந்து குடியேற்றங்களும் மாட்டுப் பண்ணைகளும் பெருகி, செயற்கைக்கோள் படத்தில் காடு மீன் முள்ளைப் போலத் தெரியும் அளவுக்கு அழிந்தது. அமேசானில் அழிந்த காட்டில் சுமார் 95 சதவீதம், சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோ இருந்தது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு சாலைத் திட்டம் பேச்சுக்கு வரும்போது, அதன் வழியே யார், எதற்காக, எந்த நேரத்தில் போகப்போகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அகலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வழியே செல்லும் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்தைத் தடுத்ததால் எங்கள் காய்கறி உரிய நேரத்தில் சந்தைக்குப் போவதில்லை. விலங்குகளுக்கு இருக்கும் அக்கறை விவசாயிக்கு இல்லையா? (தாளவாடி)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அந்தத் தடையின் சுமை முதலில் விழுந்தது உங்கள் தோள்மீதுதான். ஈரோடு மாவட்ட ஆட்சியர் 2019-இல் பிறப்பித்த அறிவிக்கை நடைமுறைக்கு வராமலே கிடந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2022 பிப்ரவரி 10 முதல் அமலானபோது, மலைக் கிராமங்களை யாரும் போதுமான அளவு கலந்து பேசவில்லை என்பதே என் கருத்து. கடையடைப்பும் போராட்டமும் நடந்த பிறகே உள்ளூர் மக்களுக்கான விலக்குகள் வந்தன.

ஆனாலும் தடையின் அடிப்படை சரியானது. பகல் வெயிலில் ஒதுங்கியிருக்கும் விலங்குகளில் பெரும்பாலானவை நீருக்கும் மேய்ச்சலுக்கும் நடமாடுவது இரவில்தான்; அந்த நேரத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட சரக்கு லாரிகள் இடைவெளியின்றி ஓடினால் அவை சாலையைக் கடக்க வழியில்லை. பகலில் நடப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்து ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளுக்காக ஆசனூர், காரப்பள்ளம் பகுதிகளில் யானைகள் சாலையோரம் காத்து நிற்கின்றன. லாரியை மறித்துக் கட்டோடு உருவி எடுக்கின்றன. ஓட்டுநர்களே நாலு கரும்புக் கட்டுகளை வீசிவிட்டுப் போவதும் உண்டு. இப்படிப் பழகிய யானைக்குக் குட்டியும் உடன் இருந்தால், அதுவும் சாலையையே தீவனக் காடாகக் கற்றுக்கொள்கிறது. லாரிக்குமேல் கரும்பு நீட்டிக்கொண்டிருக்காமல் ஏற்றச் செய்வது தடையைவிட எளிய நடவடிக்கை; அதைக் கண்டிப்போடு செய்யாமல் விவசாயியை மட்டும் நெருக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. குறுக்கு வழியாக மட்டும் இந்த மலையைப் பயன்படுத்தும் வெளியூர்ச் சரக்குக்கும், மலையில் விளைந்ததைக் கீழே இறக்கும் உள்ளூர் வண்டிக்கும் ஒரே விதி இருக்கக்கூடாது.

கேள்வி: மேம்பாலம் கட்டிவிட்டால் வண்டியும் போகும், விலங்கும் போகும் அல்லவா? (சுல்தான் பத்தேரி)

பதில்: இடத்தைப் பொறுத்தது. நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், 50 முதல் 750 மீட்டர் நீளம் வரையிலான 9 பாலங்களை அமைத்து, அடியில் விலங்குகள் கடக்க வழி விட்டிருக்கிறார்கள். இந்திய வனவிலங்கு நிறுவனம் வைத்த தானியங்கிக் கேமராக்களில் புலி உட்பட 18 வகை விலங்குகள் அவ்வழியே கடந்தது 2019-இல் பதிவானது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வேலியோடு சேர்த்துக் கட்டிய மேல், கீழ்ப் பாதைகளால் வாகனங்களில் விலங்குகள் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

எனினும் அவை எப்படியும் ஓடப்போகும் நெடுஞ்சாலையின் தீங்கைக் குறைத்த ஏற்பாடுகள். வயநாட்டிலிருந்து மைசூருக்குப் போகும் சாலை கடக்கும் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் நிலைமை வேறு. அங்கே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை தடை இருக்கிறது. வயநாட்டுக்காரர்களுக்கு உன்சூர், குட்டா வழியாக மாற்றுப்பாதையும் உண்டு. 2018-இல் மத்திய அரசு முன்வைத்த, தலா ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஐந்து மேம்பாலங்கள் என்ற யோசனை, தடையை நீக்குவதோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே அமைதியாக இருக்கும் இரவைக் கொடுத்துவிட்டு, பல ஆண்டு கட்டுமானத்தையும் அதன் பிறகு இரவு முழுதும் இரைச்சலையும் வாங்குவது நட்டம்தான். சுற்றுப்பாதையில் கூடுதல் நேரமாகிறது என்பதை மறுக்கவில்லை. அந்தப் பாதையை நல்ல நிலையில் வைத்திருக்கச் சொல்லிக் கேட்பதே உங்களுக்கு விரைவில் பலன் தரும்.

கேள்வி: வெட்டும் மரத்துக்குப் பதில் பத்து மரம் நட்டால் போதாதா? (சேலம்)

பதில்: போதாது. மழைக்காட்டின் நூறாண்டு மரத்துக்கு ஈடாக வேறொரு மாவட்டத்துத் தரிசில் வைத்த கன்று, இருவாச்சிப் பறவைக்குக் கூடு கட்டப் பொந்து தராது. துண்டான வலசைப் பாதையையும் ஒட்டித் தராது.

கேள்வி: எங்கள் மலையில் சாலை இல்லாமல் நோயாளிகளை டோலி கட்டித் தூக்குகிறோம். காட்டைக் காரணம் காட்டிச் சாலையை மறுப்பது சரியா? (வேலூர் மாவட்டம்)

பதில்: சரியில்லை. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியாமல் போனதும், உடலை வீட்டுக்குக் கொண்டுபோகவும் தாய் மலைப்பாதையில் நடக்க நேர்ந்ததும் நாடறிந்தவை. இதற்காகச் சட்டத்தை வளைக்கவும் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவு, பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையின் பேரில் ஒதுக்க இடமளிக்கிறது. எனவே கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலோடு, சாலை போடும் அரசுத் துறை வழியாக வனச்சரக அலுவலரிடம் விண்ணப்பிக்கச் செய்யுங்கள். சாலையின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்த்து வரம்புக்குள் வருகிறதா என்று முதலிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. பல கோப்புகள் அங்கேதான் திரும்புகின்றன. கிராமத்தோடு முடியும் ஒற்றைத் தடச் சாலை வேறு. மலையைத் துளைத்து மறுபக்கம் இறங்கும் நெடுஞ்சாலை வேறு. எதிர்ப்பவர்கள் இரண்டையும் குழப்புவதால் காட்டுக்கும் நன்மையில்லை.

கேள்வி: அந்தமானில் ஜாராவா பழங்குடி மக்களின் பகுதி வழியே போகும் சாலையில் பயணிக்கலாமா? (சென்னை)

பதில்: தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அந்தமான் பெருஞ்சாலையில் ஜாராவா காப்புக்காட்டை ஒட்டியும் ஊடுருவியும் செல்லும் பகுதிகளை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்ட பிறகும் அது திறந்தே இருக்கிறது. வெளியாருடன் தொடர்பு பெருகிய சில ஆண்டுகளிலேயே, 1999-இல், அம்மக்களிடையே தட்டம்மை பரவியது. அந்நோய்க்கு எதிரான ஆற்றல் அவர்கள் உடலில் இருக்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் முன் ஜாராவா பெண்களை ஆடவைத்த காணொளி 2012-இல் வெளியாகி உலகெங்கும் கண்டனம் எழுந்தது. காவல் துணையோடு வரிசையாக வண்டிகளை அனுப்புவது, படம் எடுக்கத் தடை விதிப்பது போன்ற ஏற்பாடுகள் இருந்தும், காடே வாழ்வாதாரமான மக்களின் நடுவே நாள்தோறும் வேடிக்கை பார்ப்பவர்களை ஓட்டிச்செல்வது எந்த விதத்திலும் ஏற்கத்தக்கதல்ல. கடல்வழி உள்ள தீவுக்கூட்டத்தில் அதையே மேம்படுத்தியிருக்கலாம்.

கேள்வி: காட்டுச் சாலையில் வண்டி ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (திருப்பூர்)

பதில்: வேகத்தைக் குறையுங்கள்; மழை பெய்த மாலையில் இன்னும் குறையுங்கள். யானை சாலையில் நின்றால் ஒலிப்பானை அழுத்தாமல், தொலைவிலேயே நிறுத்திக் காத்திருங்கள். ஒரு யானை கடந்துவிட்டால் உடனே கிளம்பாதீர்கள், பின்னால் குட்டியோடு கூட்டம் வரலாம். குரங்குக்குப் பொட்டலத் தீனி போடாதீர்கள். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் கீழே இறங்காமல் கடக்கச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டி, கீழே காவலுக்கு ஆளும் வைத்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் கை காட்டினால் நிறுத்துங்கள்.