இரண்டு வருடமாக அசையாத பேக்கேஜை நீக்கிவிடலாமா?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மூன்று சர்வர்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல் பேக்கேஜ்கள் (நிறுவுவதற்கேற்பக் கட்டிய மென்பொருள்கள்). எதற்கு இன்னும் பராமரிப்பாளர் இருக்கிறார், எது கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று ஸ்கிரிப்ட் போட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? கடைசி வெளியீடு வந்து இரண்டு வருடம் தாண்டியதையெல்லாம் நீக்கிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?
- வாசகர், சிவகாசி

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள். உங்கள் தொழிலுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு 2014இல் ஒரு பதிப்பு விட்ட டொனால்ட் க்னூத், அடுத்ததை 2021இல்தான் விட்டார். வருகிற பிழைக் குறிப்புகளைச் சேர்த்துவைத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது அவர் வழக்கம். அடுத்த முறை 2029 என்று சொல்லியிருக்கிறார். உங்கள் கணக்குப்படி அது செத்துப்போன மென்பொருள்!

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் கதை இதற்கு நேர்மாறு. 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1. தேதி பார்க்கிற ஸ்கிரிப்ட் எதுவும் அதற்குப் பச்சைதான் காட்டியிருக்கும். இரண்டிலுமே பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக நுழையும் வழி, இருந்தது. தனியாளாய்க் களைத்துப்போன பராமரிப்பாளருக்குத் தோள்கொடுப்பதுபோல் வந்து, நம்பிக்கை சம்பாதித்தவரின் வேலை அது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி இழுப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர் விடாமல் துருவியதால் மார்ச் 29 அன்று வெளியே வந்தது. டெபியனின் ஸ்டேபிள், அதாவது நிலையான, பதிப்பு தப்பித்தது.

அதனால் நான் முதலில் தேடுவது ஆளைத்தான். டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜை நிறுவுங்கள். அதில் டபிள்யூஎன்பிபி-அலர்ட் என்று ஒரு கட்டளை உண்டு. உங்கள் சர்வரில் இருக்கும் பேக்கேஜ்களை, ஆள் தேவைப்படும் பேக்கேஜ்கள் என்று டெபியன் வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, சிக்கல் உள்ளதை வரிக்கு ஒன்றாகச் சொல்லும். வரி 'ஓ' என்று தொடங்கினால் பராமரிப்பாளர் கைகழுவிவிட்டார். 'ஆர்எஃப்ஏ' என்றால் வேறு ஆள் தேடுகிறார், 'ஆர்எஃப்எச்' என்றால் துணைக்கு ஆள் கேட்கிறார். நடுவில் சொன்ன 'ஆர்எஃப்ஏ'வைத்தான் நான் உன்னிப்பாகப் படிப்பேன். ஆள் போவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறதே. டிஃப் ஆப்ஷனோடு, குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் கிரானில் வாரம் ஒருமுறை என்று போட்டால் போன வாரத்திலிருந்து மாறியது மட்டும் மெயிலில் வரும். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோனவற்றுக்கு செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ் கட்டளை. அது டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட் பேக்கேஜில் இருக்கிறது.

இவை சொல்வது டெபியனுக்காகக் கட்டித் தருகிறவரைப் பற்றித்தான். மூல மென்பொருளை எழுதுகிறவர் பெரும்பாலும் வேறு ஆள். அந்தப் பக்கம் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க யூஸ்கேன் இருக்கிறது. மூலப் பொதியில் (சோர்ஸ் பேக்கேஜில்) உள்ள வாட்ச் ஃபைலைப் படித்து, அதில் சொன்ன முகவரிக்குப் போய்ப் பார்த்து வரும்.

இங்கே நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முகவரிக்கும் போய் புதுப் பதிப்பு எண்ணைத் தேடும். கிடைக்காவிட்டால் 'மாற்றமில்லை' என்று எழுதிக்கொள்ளும். ஒரு சின்ன லைப்ரரியின் தளமே மூடப்பட்டிருந்தது. பக்கம் திறக்கவில்லை, எண் கிடைக்கவில்லை, ஆகவே மாற்றமில்லை! ஏழெட்டு மாதம் வாராவாரம் அதைப் பச்சையில் பார்த்து நிம்மதியாக இருந்தேன். இப்போது மூன்று பதில்கள் வைத்திருக்கிறேன்: புதிது உண்டு, புதிது இல்லை, தெரியவில்லை. 'தெரியவில்லை' இரண்டு வாரம் தொடர்ந்தால் நானே போய்ப் பார்ப்பேன். உங்கள் ஸ்கிரிப்டில் முதல் நாளே இதைச் சேருங்கள்.

'ஓ' வந்த பேக்கேஜையும் உடனே தூக்க வேண்டாம். அது டெபியன் கியூஏ (தரக் கண்காணிப்பு) குழுவின் பெயருக்கு மாறும். அவசரப் பிழைகளை அங்கே யாராவது பார்ப்பார்கள். வெளியிலிருந்து வரும் கோப்பைத் திறக்கிற பேக்கேஜா, நெட்வொர்க்கில் வெளி இணைப்புக்காகக் காது வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அந்த வாரமே மாற்று தேடுங்கள். அச்சகத்தில் வாடிக்கையாளர் அனுப்பும் பிடிஎஃப்பைத் திறக்கிறவை எவை என்று ஒரு தாளில் எழுதினால் இருபதுகூடத் தேறாது. தொடங்க வேண்டியது அந்த இருபதிலிருந்து.